கட்டு மிலிட்டரியோட அரைஞாண் கயிறு

எங்க கல்லேரிப்பட்டுத் தெருவுல நின்னு "மிலிட்டரி"ன்னு ஒரு சத்தம் குடுத்தா பாதி ஊரு திரும்பிப் பாக்கும். வேலூர்ப் பக்கத்துல அந்த மாதிரி ஊருங்க நெறைய, வீட்டுக்கு ஒருத்தராச்சும் பட்டாளத்துக்குப் போய் வந்தவங்க, அதனால எந்த மிலிட்டரின்னு தெரியறதுக்குப் பேருக்கு முன்னால ஒண்ணு சேத்துக்குவோம், மூக்கு மிலிட்டரி, சப்பாத்தி மிலிட்டரி, ரெண்டு பொண்டாட்டி மிலிட்டரி, அப்படி. எங்க அக்கா பவுனம்மாவோட வீட்டுக்காரரு, எனக்கு மாமா, ஏகாம்பரம், அவரு கட்டு மிலிட்டரி. ஏன்னா அவரு ஒரு கட்டுக் கட்டினாருன்னா, எந்த வேலைக்காகக் கட்டினாரோ அந்த வேலை முடியற வரைக்கும் அது யாரு இழுத்தாலும் அவுறாது, முடிஞ்சதும் யாரும் தொடாமலே தானா அவுந்து விழும். இதுல வாயப் பொளக்க ஒண்ணும் இல்ல. சில பேரு கையால நட்டா முருங்கை கொத்துக் கொத்தா காய்க்கும், சில பேரு குடை எடுத்தா வந்த மழையும் நின்னுடும், எங்க மாமாவுக்குக் கட்டு, அவ்வளவுதான்.

பட்டாளத்துல பாலம் கட்டுற பிரிவுல இருந்தாரு. பென்ஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்த மாமா மத்த மிலிட்டரிங்க மாதிரி டீக்கடை பெஞ்சுல உக்காந்து சண்டைக் கதை பேசல, விடியறதுக்கு முன்னாடி மாட்டுத் தொழுவம், வெயில் ஏறினா வேர்க்கடலை வயலு, வெயில் தாழ்ந்தா பந்தல் வேலை, இதுக்கு நடுவுல யாரு வீட்டுத் தூளி, யாரு வீட்டு வேலிப்படல், யாரு வீட்டுக் கிணத்துக் கயிறுன்னு கூப்பிட்ட குரலுக்குப் போய் நிப்பாரு. அந்த உழைப்புலதான் வீடு எழும்புச்சு, மக அமுலுவ நல்ல இடத்துல குடுத்தாரு, மகன் குபேந்திரன ஷூ கம்பெனியில சூப்பர்வைசர் ஆகுற அளவுக்குப் படிக்க வெச்சாரு. அவரு போட்ட பந்தல்ல ஊரே உக்காந்து சாப்பிட்டிருக்கு, அவரு மட்டும் உக்காந்து நான் பாத்ததில்ல. "மாமா, இடுப்புல இன்னா ஆணியா அடிச்சிருக்கு, உக்காருங்களேன்"னு நான் வம்புக்கு இழுப்பேன், "வேலை முடியட்டும் கன்னிமா"ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாரு.

இந்தக் கட்டு விஷயம் முதல்ல ஊருக்குத் தெரிஞ்சது எங்க தெரு கோட்டீஸ்வரி கல்யாணத்துல. பந்தி முடிஞ்சு, பாத்திரம் கழுவி, பொண்ணும் மாப்பிள்ளையும் வண்டியேறிட்டாங்க, பந்தலப் பிரிக்க வந்தவங்க இழுக்கறாங்க, கடிக்கறாங்க, கடைசியில அரிவாள எடுத்து அறுக்கறாங்க, அரிவாள்தான் மழுங்குது, கட்டு ஒண்ணு கூட அசையல. மாமா வந்து பாத்தாரு. "யாரோ ஒருத்தர் இன்னும் சாப்பிடல, பாருங்க"ன்னாரு. தேடினா, மைக் செட்டுக்காரப் பையன் ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னால பசியோட சுருண்டு தூங்கறான், காலையில இருந்து பாட்டுப் போட்டவனக் கூப்பிட்டு இலை போடணும்னு ஒரு ஜென்மத்துக்கும் தோணல. எழுப்பி, மிச்சம் இருந்த சோத்தப் போட்டு, அவன் பாயசத்த வழிச்சு நக்கிட்டுக் கையக் கழுவறான், பந்தல் கட்டெல்லாம் ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் சரசரன்னு அவுந்து, மூங்கிலெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு பதவிசா சாஞ்சு படுத்துக்குச்சு. வேலைக்கு வந்த ஆளுங்களுக்குக் கூலி போச்சேன்னுதான் கவலை.

அப்புறம் ஊருக்கு இது பழகிப்போச்சு. விசேஷ வீட்டுல அடுப்ப அணைக்கறதுக்கு முன்னாடி சமையக்காரரு வெளிய வந்து பந்தல ஒரு தடவ அண்ணாந்து பாத்துக்குவாரு. மாமியாக்காரிங்க மருமகளப் பட்டினி போட்டா பந்தல் காட்டிக் குடுத்துடும்னு பயந்து முதப் பந்தியிலயே உக்கார வெச்சாங்க. அவரு கட்டின தூளி குழந்த எழுந்து நடந்ததும் அவுந்துச்சு, அவரு கட்டின மாடு பால் கறந்ததும் அவுந்துச்சு. ஒரு தேர்தலுக்கு மேடை கட்டச் சொன்னாங்க, பேச வந்தவரு ஏரிக்கு மதகு வெச்சுத் தர்றேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணிட்டுக் காரேறிட்டாரு, மேடை அவுறல, அடுத்த தேர்தலுக்கு அடுத்த கட்சி வந்து அதே மேடையில ஏறி அதையே பேசுச்சு, மேடை இன்னிக்கும் அங்கதான் நிக்குது, மழை வந்தா ஆடுங்க ஒதுங்கும்.

இப்படியாப்பட்ட மனுஷன் போன மாசி மாசம் ஒரு காலையில பால் கறந்து, செம்பக் கீழ வெச்சு, தொழுவத்துத் தூண்ல சாஞ்சாரு. சாஞ்சவரு சாஞ்சவருதான். கறவை முடிஞ்சதால மாட்டோட கயிறு தானா அவுந்து, மாடு நேரா வாசல்ல வந்து நின்னு அக்காவப் பாத்துக் கத்துச்சு. இன்னாடா இது, மாட்டப் பிடிக்க அவரு வரலியேன்னு அக்கா தொழுவத்துக்கு ஓடினா. அவ போட்ட சத்தம் எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு.

ஊரே கூடிடுச்சு. எங்கெங்க இருந்தோ மிலிட்டரிங்க வந்தாங்க, பழைய தொப்பியப் போட்டுக்கிட்டு, தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு, வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க. அமுலு வந்து விழுந்து அழுதா, குபேந்திரன் சட்டையக் கழட்டிட்டு ஈர வேட்டியோட நின்னான். மதியத்துக்கு மேல மாமாவ வாசல்ல பெஞ்சு மேல கிடத்திக் குளிப்பாட்டினாங்க. எங்க ஊர்ல சாவுச் சடங்கெல்லாம் பாக்குறவரு துளசிங்கம். அவரு கத்தியோட வந்து, இடுப்புல இருந்த அரைஞாண் கயித்த அறுக்கப் போனாரு. எப்பேர்ப்பட்டவனா இருந்தாலும் கடைசியில அந்தக் கயிறு கூட இல்லாமதான் போகணும், அது முறை. கத்தி வழுக்குச்சு. தீட்டிட்டு வந்து அறுத்தாரு, கத்தி ஒடிஞ்சுது. கறுப்புக் கயிறு ஒரு பிசிறு கூட விடல.

துளசிங்கம் நிமிந்தாரு. "இது அவரே கட்டிக்கிட்டதா?"

"பின்ன? அவருக்குக் கட்ட ஊர்ல வேற யாரு?"ன்னேன் நான்.

"அப்போ வேலை ஒண்ணு பாக்கி வெச்சிருக்காரு"ன்னாரு துளசிங்கம், ஒடிஞ்ச கத்தியத் துணியில சுத்திக்கிட்டே. "கயித்தோட நான் அனுப்ப மாட்டேன். விளக்கு வெக்கறதுக்குள்ள அது இன்னான்னு பாத்து முடிங்க."

பவுனம்மா அக்கா அதுவரைக்கும் சுவத்துல சாஞ்சு கிடந்தவ, எழுந்து உக்காந்தா. "உக்காரவே தெரியாத மனுஷன்பா. அங்க போயும் நின்னுக்கிட்டே இருக்கணுமா?"ன்னு கேட்டு அழுதா. அத்தோட கூட்டத்துல இருந்த அத்தனை பேரும் எழுந்துட்டோம். மனுஷன் நமக்காக நின்ன நிலைக்கு, இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவர உக்கார வெக்கணும்னு ஊருக்கே ஒரு வீம்பு வந்துடுச்சு.

மாமா வாழ்ந்த வாழ்க்கைய அன்னிக்கு ஊரே சேந்து கிளறிப் பாத்துச்சு. குபேந்திரன் சொன்னான், தொழுவத்துக்கு ஒரு பக்கம் கூரை மேயாம நிக்குதுன்னு. சொன்ன உடனே பத்து இருபது ஆம்பளைங்க ஏறினாங்க, எழவு வீடுன்னு பாக்காம ஓலைய வாரிப் போட்டு மேஞ்சு முடிச்சாங்க, கயிறு அப்படியே இருந்துச்சு. அமுலு சொன்னா, பேத்திக்குப் புளியமரத்துல ஊஞ்சல் கட்டித் தர்றேன்னாரேன்னு. கட்டி, அந்தக் குழந்தைய உக்கார வெச்சு, தாத்தா செத்த அன்னிக்கு அது கெக்கெக்கேன்னு சிரிக்கச் சிரிக்க ஆட்டினாங்க, கயிறு அசையல. மேலத் தெருக்காரங்க நிலத்துல ஒரு வரப்பு உடைஞ்சு கிடக்குன்னு மாமா பாத்து வெச்சிருந்தாராம், அதப் போய் அடைச்சாங்க. கிணத்து ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டாங்க. பக்கத்து நிலத்துக்கார அப்பாதுரை சத்தம் போடாம முன்னால வந்து, "வேலிக் கல்ல ரெண்டடி இந்தப் பக்கம் தள்ளி நட்டுக்கோன்னு ஏகாம்பரம் அண்ணன் எங்கிட்ட வாக்குக் குடுத்தாரு"ன்னு சொன்னான் பாருங்க, எல்லார் கண்ணு முன்னாலயும் அரைஞாண் கயிறு சுருக்குன்னு இன்னும் ஒரு பிடி இறுகிச்சு. எழவு வீட்டுல அப்படி ஒரு சிரிப்ப நான் கேட்டதே இல்ல. அப்பாதுரை துண்ட உதறிக்கிட்டுப் போனவன் போனவன்தான்.

அப்போதான் மூக்கு மிலிட்டரி வாயத் தொறந்தாரு. அவரும் மாமாவும் ஒரே பிரிவு. "எல்லையில ஒரு ஆறுங்க"ன்னு ஆரம்பிச்சாரு, "மலையில மழை, தண்ணி நுரைச்சுக்கிட்டு வருது, பாலம் அடிச்சுட்டுப் போயிடுச்சு, பின்னால குண்டு விழுது. நம்ம ஏகாம்பரம் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு நீந்தி, அக்கரையில பாறையில ஒரு கட்டுப் போட்டான். அதப் பிடிச்சுக்கிட்டு நாங்க அத்தனை பேரும் ஏறிட்டோம். எதிரி வர்றதுக்குள்ள கயித்த அவுக்கணும், அவுற மாட்டேங்குது. ஆபீசர் கத்தறாரு, அறுடாங்கறாரு. ஏகாம்பரம் சொல்றான், யாரோ இன்னும் கரை ஏறல சார்னு. திரும்பிப் பாத்தா இருட்டுல எங்க சமையக்காரன், முதுகுல பெரிய அண்டாவக் கட்டிக்கிட்டு அந்தக் கரையில தேம்பித் தேம்பி அழறான், தண்ணின்னா பயம் அவனுக்கு. ஏகாம்பரம் திரும்ப நீந்திப் போய், அவன அண்டாவோட இழுத்துட்டு வந்தான். கால் கரையில பட்டதும் கயிறு தானா அவுந்து வந்துச்சு." மூக்கு மிலிட்டரி மூக்கச் சிந்திட்டுச் சொன்னாரு, "அவன் கட்டு பொருளுக்கு நிக்காதுங்க, ஆளுக்குத்தான் நிக்கும். கூரையும் வரப்பும் இல்ல. யாரு இன்னும் கரை ஏறலன்னு பாருங்க."

ஊரு ஆளாளுக்கு முகத்தப் பாத்துக்குச்சு. நான் மட்டும் எங்க அக்காவப் பாத்தேன். அவ எல்லாரையும் பாத்தா, மாமாவப் பாத்தா, என்னப் பாக்கல. நான் அவகூடப் பொறந்தவ. அவ எப்ப என் கண்ணப் பாக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா?

இங்க ஒண்ணு சொல்லணும். மாமா பென்ஷன்ல வந்த நாள்ல இருந்து, மூணு வேளையும் சாப்பாட்டு நேரத்துக்கு அவங்க ரெண்டு பேரும் அடுப்பங்கரைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவாங்க. பேரன் பேத்தி எடுத்த வயசுல இது இன்னா கூத்துன்னு தெருவே கேலி பண்ணும், நானே "இன்னா மாமா, உள்ள கூட்டா பொரியலா"ன்னு கேட்டு மானத்த வாங்கியிருக்கேன். அக்கா வெக்கப்படுவா, மாமா மீசையத் தடவிக்குவாரு. ஒரு நாள் நான் சன்னல் ஓரமா எட்டிப் பாத்துட்டேன். உள்ள, எங்க அக்கா பலகையில உக்காந்து சாப்பிடறா, எங்க மாமா எதிர்ல குனிஞ்சு நின்னு அவளுக்குப் பரிமாறிட்டு இருக்காரு. குழம்பு ஊத்தி, ரசம் ஊத்தி, மோர் ஊத்தி, அவ போதும் போதும்னு கையக் குறுக்க வெச்சா விரல விலக்கிட்டுப் போடறாரு. அவ ஏப்பம் விட்ட அப்புறம்தான் தட்ட எடுத்துத் தனக்குப் போட்டுக்கிட்டாரு. எனக்குக் கேலி பண்ண வாய் வரல, அப்படியே திரும்பிட்டேன்.

அவரு எல்லையில இருந்தப்ப அக்கா மாமியா வீட்டுக் கூட்டுக் குடும்பத்துல இருந்தா. அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டுட்டுக் கடைசியில பானையச் சுரண்டுவா, சுரண்ட இல்லன்னா கஞ்சித் தண்ணி. "நான் சௌக்கியம்"னுதான் அவருக்குச் சொல்லி அனுப்புவா. ஒரு லீவுக்குச் சொல்லாம கொள்ளாம மதிய நேரத்துல வந்து நின்னவரு, வாசப்படியில நின்னே அதப் பாத்துட்டாரு. அன்னிக்கு அவரும் சாப்பிடல. அதுக்கப்புறம் அவ சாப்பிடாம அவரு வாயில பருக்கை வெச்சதில்ல.

நான் போய் அக்கா பக்கத்துல உக்காந்தேன். "நீ எப்பக்கா சாப்பிட்ட?"ன்னு கேட்டேன்.

"நேத்து ராத்திரி."

"காலையில?"

"காலையில அவரு எங்கடி வந்தாரு"ன்னா. முந்தானைய வாயில வெச்சு அமுக்கிக்கிட்டா.

"அக்கா, கயிறு ஏன் அவுறலன்னு உனக்குத் தெரியும். காலையில இருந்தே தெரியும்."

"தெரியும்"னா. "நான் சாப்பிட்டா அவரு போயிடுவாருடி."

நான் இளகினா அவ அன்னிக்கு மட்டுமில்ல, அடுத்த நாளும் சாப்பிட மாட்டா, மாமா அந்தப் பெஞ்சுலயே நின்னுக்கிட்டுக் கிடப்பாருன்னு தெரிஞ்சு போச்சு. கோவம் வந்துடுச்சு எனக்கு. "உன்னச் சாப்பிட வெச்சே ஓய்ஞ்ச மனுஷன்க்கா. செத்தும் உனக்காகத்தான் காத்துக் கிடக்காரு. நீ பட்டினி கிடந்து அவரக் கட்டிப் போட்டா, அது அன்பா?"ன்னு ஊர் கேக்கக் கத்திட்டேன்.

வெயில் புளியமரத்துக்குக் கீழ எறங்கிடுச்சு. அப்புறம்தான் அக்கா சொன்னா, "இலை போடு."

எழவு வீட்டுல அடுப்பு எரியக் கூடாதுன்னு எதிர் வீட்டுல, வந்தவங்களுக்குன்னு ஆக்கி வெச்சிருந்தாங்க. சோறு, கத்திரிக்காக் குழம்பு, ரசம், மோர் எல்லாம் வந்துச்சு. மாமா தலைமாட்டுல, பெஞ்சுக்குப் பக்கத்துலயே இலை போட்டேன். கிழவிங்க ரெண்டு பேரு, "பொணத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பொண்டாட்டி சாப்பிடறதா, எங்கயாவது உண்டா"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள துளசிங்கம் திரும்பினாரு. "முறை எது, முறைகேடு எதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் சும்மா இருங்க"ன்னாரு.

அக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டு, முழுங்கிட்டு, "ஆச்சு"ன்னா. கயிறு அசையவே இல்ல.

"எங்க மாமாவ ஏமாத்த முடியுமா?"ன்னேன். "ஒழுங்காச் சாப்பிடு."

சாப்பிட்டா. அழுதுக்கிட்டே பிசைஞ்சா, பிசைஞ்சதுல கண்ணீரும் விழுந்துச்சு, அப்படியே எடுத்து வாயில போட்டா. குழம்புச் சோறு முடிஞ்சுது. போதும்னு கையக் குறுக்க வெச்சா, மாமா செய்யற மாதிரியே நான் அவ விரல விலக்கிட்டு ரசத்துக்குச் சோறு வெச்சேன். ஊரே மூச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை சாப்பிடறதப் பாத்துச்சு. அவ சமையல எத்தனை வருஷம் சாப்பிட்டிருப்பாங்க இவங்கெல்லாம், அவ சாப்பிட்டு யாராவது பாத்திருப்பாங்களா? மூக்கு மிலிட்டரி தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டாரு. அமுலு வந்து ஊறுகாய் வெச்சா. ரசம் முடிஞ்சு மோர் ஊத்தினோம். கடைசிப் பருக்கை வரைக்கும் வழிச்சு, இலைய மடிச்சு, தண்ணிய எடுத்து மடக்கு மடக்குனு குடிச்சுட்டு, ஆம்பளைங்க முன்னால இருமக் கூடக் கூச்சப்படுற எங்க அக்கா, அத்தனை கூட்டத்துக்கு நடுவுல, வயிறு நிறைஞ்ச ஒரு ஏப்பம் விட்டா. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமா இடுப்புல கயிறு மெதுவா நெளிஞ்சு, முடிச்சுப் பிரிஞ்சு, பெஞ்சு ஓரமா வழுக்கி, அவ மடியில வந்து விழுந்துச்சு.

துளசிங்கம் தலையாட்டினாரு. நாலு பேரு தோள் குடுக்க வந்து நின்னாங்க. அக்கா எச்சிக் கையப் புடவையில தொடச்சுக்கிட்டு, எழுந்து, குனிஞ்சு அவரு முகத்துக்கிட்ட போனா.

"இன்னாங்க, திருப்தியா?"ன்னு கேட்டா. "நான் நல்லாச் சாப்பிட்டேன். நீங்க போய் உக்காருங்க."